நிகழாத அமர்வு

லொரெய்ன் பிக்வுட்டுக்கு ஒரே ஒரு மணி நேரம் குறைந்தது.

ஒரு மணி நேரம் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள், ஐக்கிய உளவள அங்கீகாரப் பேரவையோடு ஒருமுறைகூடக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளாத புண்ணியவான்கள். மனநல ஆலோசனை படித்து முடித்து வெளியே வருகிறவர்கள் நானூற்றைம்பது மணி நேரம், சம்பளமில்லாமல், மனம் நொந்தவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அங்கீகாரம். அங்கீகாரம் இருந்தால்தான் வேலை. வேலையில் இருப்பவர்களிடம்தான் நாலு பேர் வருவார்கள். நாலு பேர் வந்தால்தான் மணி நேரம் சேரும். இந்தச் சிக்கலைத் தீர்த்துவைக்கப் பேரவையே 'உங்கள் தொழில் பாதை' என்று வழவழப்பான தாளில் ஒரு கையேடு போட்டிருந்தது. அதில் ஒரு படிக்கட்டுப் படம். லொரெய்ன் விரல் வைத்து ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தாள். எட்டாவது படியிலிருந்து ஒரு அம்புக்குறி கிளம்பி முதல் படிக்கே வந்து சேர்ந்தது.

பேரவையின் கணக்கில் ஒரு மணி நேரம் என்பது ஐம்பது நிமிடம். தாராள மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தொன்பது நிமிடம் நடந்த அமர்வுக்குக் 'குறைந்த அமர்வு' என்று பெயர் இல்லை. 'நிகழாத அமர்வு' என்று பெயர். வரவேண்டியவர் வரவேயில்லை என்றாலும் ஆலோசகர் ஐம்பது நிமிடமும் காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் நிகழாத அமர்வுதான். நடுவில் எழுந்து டீ போடப் போனால் மட்டும் அது சட்டென்று நிகழ்ந்ததாகிவிடும். ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வரும்.

லொரெய்னுக்கு நாற்பத்தாறு வயது. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தை ஒட்டிய மீன் தொழிற்சாலையில் காலை ஆறிலிருந்து பகல் ஒன்று வரை ஹேடாக் மீனின் முள்ளை உருவுவாள். பதினோரு வருடமாக அதே பலகை, அதே ஈரம். குளிர்காலத்தில் விரல் நுனி எது, மீன் எது என்று தெரியாது. பிறகு கையை எலுமிச்சை போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, மெதடிஸ்ட் தேவாலயத்தின் மாடி அறைக்கு ஓடி, ஆலோசகராக உட்காருவாள். ஊர் மருத்துவமனையில் ஒரு வேலை இருந்தது. நேர்காணல் முடிந்து, அவள்தான் என்று முடிவாகி, ஜனவரி முப்பத்தொன்று வரை காத்திருக்கிறோம், அங்கீகாரக் கடிதத்தோடு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். வெந்நீர்க் குழாய் சூடேற்றும் அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் வேலை. அதை நினைத்துக்கொண்டுதான் அவள் தினமும் முள் உருவினாள்.

வியாழக்கிழமை இரண்டு மணி ஆள், நெவில் கிளேட்டன். எழுபத்தெட்டு வயது. முப்பது வருடம் ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் போய் வந்தவர். மனைவி மேவிஸ் இறந்து இரண்டு வருடம். முதல் நாளே அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கையில ஹேடாக் வாசம் வருது கண்ணு. கழுவிட்டேன்னு பொய் சொல்லாத. நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்கு வந்த மாதிரி."

இருபத்துமூன்று வாரம் வந்தார். இருபத்துமூன்றும் நிகழாத அமர்வுகள். ஏனென்றால் சரியாக நாற்பத்தேழாவது நிமிடத்தில் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்துவிடுவார். கடிகாரம் அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. ஆலோசகர் மட்டும் பார்க்கும்படி மாட்ட வேண்டும் என்பது பேரவை விதி. அவருக்குக் கடிகாரமே தேவைப்படவில்லை. முழங்கால் வலியோடு படி இறங்க நாலு நிமிடம். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு எதிர்ப்பக்க நிறுத்தத்தில் பஸ்.

"அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்" என்று ஒருமுறை விளக்கினார். "குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டிடும். அதான் வெயில் காலத்துலேர்ந்தே இந்த பஸ்ஸப் பழகிக்கிட்டேன். நான் கடல்லேர்ந்து திரும்பி வர்றப்பல்லாம் பஸ் முக்கு திரும்பினதும் முன்ரூம் ஜன்னல்ல வெளிச்சம் தெரியும். மேவிஸ் ஏத்தி வெச்சிருப்பா. எத்தன மணியானாலும் சரி. இப்ப பகல்லயே உள்ள போய் விளக்கப் போட்டுட்டேன்னா ஒண்ணும் தெரியாது. இருட்டுல வந்து நின்னாத்தான், ஜன்னல்ல வெளிச்சம் இல்லாதது கண்ணுல படும். அத நான் பாக்கக் கூடாது கண்ணு. அவ்வளவுதான் விஷயம்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தன் மனதைச் சொல்லிவிட முடியாது. லொரெய்ன் அதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தாள்.

டிசம்பர் முதல் வியாழன். அவள் வசம் நானூற்று நாற்பத்தெட்டு மணி நேரம் சேர்ந்திருந்தது. அவளிடம் ஆலோசனைக்கு வந்த மற்ற இருவரில் ஒருத்தி லீட்ஸ் நகருக்குக் குடிபோய்விட்டாள்; இன்னொருவன் தேறிவிட்டான், பாவி. மிச்சம் நெவில்தான். நாற்பத்தேழாவது நிமிடம் அவர் பாதி எழுந்தபோது லொரெய்ன் வாயைத் திறந்தாள்.

"நெவில், இன்னிக்கு ஒரு மூணு நிமிஷம் கூட இருங்களேன்."

"பஸ்ஸு கண்ணு…"

"அதான் அடுத்தது இருக்கே."

"இருக்கு. இருட்டிடுமே."

"எனக்காக." ஆலோசகர் வாயிலிருந்து வரவே கூடாத சொல் அது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "அட, உனக்குன்னா இருக்கேன். இதுக்குப் போய்" என்று மறுபடி உட்கார்ந்தார். மூன்று நிமிடமும் லொரெய்ன் அவர் தலைக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேரச் சீட்டில் 'இரண்டு ஐம்பது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். பஸ்ஸின் முதுகு தெரிந்தது. அதற்குப் பின்னால் நெவில் ஒரு கையைத் தூக்கியபடி நின்றார். திரும்பி மாடியைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் அதே கையை ஆட்டினார். மேலே கூப்பிட்டு ஒரு டீ கொடுத்திருக்கலாம். அமர்வுக்கு வெளியே தொடர்பு கூடாது என்பது விதி. அவள் 'இந்த அமர்வில் நான் சிறப்பாகச் செய்தவை' என்ற நாலு பக்கப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். முடித்து நிமிர்ந்தபோது நிறுத்தத்தில் யாரும் இல்லை.

மறுநாள் விடிந்து பக்கத்து வீட்டுக்காரி நாயை வெளியே கூட்டிவந்தபோது, நெவில் தன் வீட்டுக்கு எதிர்ச் சுவரில் உட்கார்ந்திருந்தார். கையில் சாவி இருந்தது. உடம்பு குளிரில் விறைத்திருந்தது. ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாராம்.

அந்த மாடி அறையை நடத்தும் ஆலோசனை மையத்திலிருந்து லொரெய்னுக்கு மின்னஞ்சல் வந்தது: "தங்கள் வியாழன் 2 மணி நபர் இனி வரமாட்டார். காரணம்: பிற." அதே நாள் பேரவையிலிருந்தும் ஒன்று வந்தது: "வாழ்த்துகள்! தங்கள் 449ஆவது மணி நேரம் ஏற்கப்பட்டது." இருபத்துநாலு வாரத்தில் நெவிலுடையது என்று செல்லுபடியான ஒரே அமர்வு அதுதான். அவள் தொழிற்சாலைக் கழிவறையில் நின்று அதைப் படித்து, கையுறையைக் கழற்றாமலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடக்கத்துக்குப் போனாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, ரகசியக் காப்பு விதி நினைவுக்கு வந்து, "பஸ் ஸ்டாப்புல பாத்திருக்கேன்" என்றாள்.

அதற்கு அடுத்த வியாழன் அறை அவள் பெயரில்தான் இருந்தது. விட்டுக்கொடுக்க மூன்று வார முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் வந்து உட்கார்ந்தாள். சரியாக இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. நெவில் தொப்பியைக் கழற்றி, கோட்டைக் கொக்கியில் மாட்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரை நனையவில்லை.

"லேட் ஆயிடுச்சா கண்ணு?"

லொரெய்ன் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள்.

"ஜன்னல்ல வெளிச்சம் இல்ல" என்றார் அவர். "பாத்துட்டேன். பாக்கக் கூடாதுன்னு இருந்தேன், பாத்துட்டேன். அப்புறம் உள்ள போக முடியல." திட்டவில்லை. குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நாற்பத்தேழாவது நிமிடம் பாதி எழுந்து, நாற்காலிக் கையைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தார். "இன்னிக்கும் மூணு நிமிஷம் இருக்கணுமா கண்ணு?"

அவளுக்குக் குரல் வரவில்லை. அவர் பதிலுக்காக அப்படியே நின்றார். நாற்பத்தொன்பதாவது நிமிடம் ஆளைக் காணோம். ஜன்னலுக்கு ஓடினாள். நாலு நிமிடம் கழித்து பஸ்ஸின் முதுகு போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு கை தூக்கியபடி நின்றது.

இப்படி நாலு வியாழன் நடந்தது.

பேரவையின் கையேட்டில் நாயோடு வருபவர்களுக்கு ஒரு அத்தியாயம் உண்டு. கேக் கொண்டுவருபவர்களுக்கு இரண்டு. இறந்துபோய் வருபவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் தன் மேற்பார்வையாளர் டெஸ்மண்டிடம் போனாள். எட்டு மணி நேர ஆலோசனைக்கு ஒருமுறை அவரிடம் போய்ப் பேசியாக வேண்டும். அவர் பதினெட்டு வருடமாக எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. துறையில் அவருக்கு அதனாலேயே நல்ல பெயர்.

"டெஸ்மண்ட், செத்துப்போனவர் வர்றார்."

"ம்ம். அது உனக்கு எப்படி இருக்கு?"

"பயமா இருக்கு."

"பயம்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்தப் பயத்துக்கு என்ன வயசு இருக்கும்?"

"எழுபத்தெட்டு."

"அவர் வர்றாரா, நீ வரவழைக்கிறியா லொரெய்ன்?"

"கோட்டக் கழட்டி மாட்டுறார் டெஸ்மண்ட்!"

"கோட்டு" என்று டெஸ்மண்ட் வெகுநேரம் தலையாட்டினார். "நாம எல்லாருமே ஒரு கோட்டு மாட்டியிருக்கோம், இல்லியா?" நேரம் முடிந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் பேரவைக்குப் போன் போட்டாள். காத்திருப்பவர்களுக்காகப் போட்ட கடல் அலையோசைக்கு நடுவே ஒரு பெண் குரல், "உங்கள் உணர்வுகள் எங்களுக்கு முக்கியம், நீங்கள் வரிசையில் பதினான்காவது" என்றது. கடைசியில் அங்கீகாரப் பதிவாளர் ஃபிலிப்பா ஹார்ட்லி-மூரே கிடைத்தார்.

"இறந்தவரா? ஒரு நிமிஷம் இருங்க." விசைப்பலகை தட்டும் சத்தம். "வயசு கேக்கறோம், முகவரி கேக்கறோம். உயிரோட இருக்காரான்னு படிவத்துல எங்கயும் கேக்கலியே. அப்ப அது ஒரு பிரச்சினையே இல்ல. முகவரி மாறியிருக்கா?"

"கல்லறையில இருக்கார்."

"அத அப்டேட் பண்ணிடுங்க. மத்தபடி, இறந்தவங்க மேல பேரவைக்கு எந்தப் பாகுபாடும் கிடையாது. நாங்க எல்லாரையும் ஒரே மாதிரிதான் காக்க வைக்கிறோம். அவரோட ஒப்புதல் கையெழுத்து ஜூலை வரைக்கும் செல்லும். எவ்வளவு நேரம் இருக்கார்?"

"நாப்பத்தொம்போது நிமிஷம்."

"ஐயோ, ஒரு நிமிஷத்துல!" ஃபிலிப்பா உண்மையாகவே வருத்தப்பட்டார். நடந்ததை முழுக்கக் கேட்டதும் குரல் பளிச்சென்றது. "அவரே 'இருக்கணுமா'ன்னு கேக்கறாரா? அட, ரொம்ப ஒத்துழைக்கிற ஆளா இருக்காரே! 'இருங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போச்சு. நானூத்தம்பது. அவரால பேனா பிடிக்க முடியாதுங்கறதால நாங்க நேர்ல வந்து சாட்சிக் கையெழுத்துப் போடறோம். ஜனவரி இருபத்துமூணு, வியாழன். சந்தோஷமா?"

லொரெய்ன் போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை. வாழ்நாள் முழுக்க முள் உருவ வேண்டியதில்லை. அவர் ஏற்கெனவே செத்தாயிற்று. இன்னும் மூன்று நிமிடம் இருந்தால் மறுபடியுமா சாகப் போகிறார்? இப்படியெல்லாம் நினைத்துப் பார்த்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இருபத்துமூன்றாம் தேதி ஃபிலிப்பா இரண்டு உறுப்பினர்களோடு வந்தார். இருவரும் சாம்பல் நிறத்தில் கம்பளிச் சட்டை போட்டு, எது சொன்னாலும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் தொங்க, ஃபிலிப்பா கஸ்டர்ட் பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடி பேசினார்.

"வெளில பேசிக்கறாங்க, நம்ம துறையில வேலையே இல்லேன்னு. அபாண்டம். வேலை குவிஞ்சு கெடக்கு. சம்பளந்தான் இல்ல. இந்த ஊர்லயே ஆலோசனைக்குப் பேர் குடுத்துட்டு ஒம்போது மாசமா காத்திருக்காங்க. ஏன்? அவங்களப் பாதுகாக்கறதுக்காக. தகுதி இல்லாத யாரும் அவங்க கிட்ட போயிடக் கூடாது இல்லியா? ஒரு மனுஷன் தனியா கஷ்டப்படற வரைக்கும் அவன் பத்திரமா இருக்கான். இத நான் அனுபவத்துல சொல்றேன். கடைசியா நான் ஒருத்தர் எதிர்ல உக்காந்து பத்தொம்போது வருஷம் ஆச்சு. நல்ல மனுஷன். பேருதான் ஞாபகம் இல்ல. கோப்பு எண் இருக்கு."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். இரண்டு மணி அடித்தது. கதவு திறந்தது.

நெவில் சுவரோரம் உட்கார்ந்திருந்த மூவரையும் பார்த்தார். "கூட்டமா இருக்கே கண்ணு. என்ன, கல்யாணமா?"

"உங்களப் பாக்க வந்திருக்காங்க நெவில்."

"உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டினார். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். பயத்தால் அல்ல. கோட்டு மாட்டும் நேரம் அமர்வில் சேருமா சேராதா என்று ஃபிலிப்பா கிசுகிசுத்தார்; உறுப்பினர்கள் முதல்முறையாகத் தலையாட்டாமல் விழித்தார்கள்.

நெவில் ஜன்னலைப் பற்றிப் பேசினார். அதே ஜன்னல், அதே இருட்டு. "ஒவ்வொரு தடவையும் அங்கதான் கண்ணு போய் உக்காந்துடறேன். சுவத்து மேல. சாவி கையில இருக்கு. பஸ் மட்டும் கெடச்சுதுன்னா வெளிச்சத்துலயே உள்ள போயிடுவேன். கெடைக்க மாட்டேங்குது."

லொரெய்ன் தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து வாரமாக அவள் இதைத் தன் பயத்தைப் பற்றிய சங்கதியாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வியாழனும் அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கேட்டதற்குப் பதில் வரட்டும் என்று மரியாதைக்குக் காத்து நின்றே அந்த மனுஷன் பஸ்ஸை விட்டிருக்கிறார்.

நாற்பத்தாறு. ஃபிலிப்பா கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். நாற்பத்தேழு. நெவில் நாற்காலிக் கையைப் பிடித்துப் பாதி எழுந்தார்.

"இன்னிக்கும் மூணு நிமிஷம் இருக்கணுமா கண்ணு?"

ஃபிலிப்பா சுவரோரமிருந்து உதட்டை அசைத்து ஊக்கப்படுத்தினார்: இருங்க. இருங்க.

லொரெய்ன் எழுந்து, கொக்கியிலிருந்து கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தாள். கோட்டு ஐஸாகச் சில்லிட்டது. "வேணாம் நெவில். கெளம்புங்க. பஸ் வந்துரும்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அன்னிக்கே விட்டிருக்கணும். என்ன மன்னிச்சிருங்க."

அவர் ஒரு கையை நுழைத்தார், பிறகு இன்னொன்றை. அவள் விரலருகே குனிந்து முகர்ந்தார். "இன்னிக்கும் ஹேடாக்கா? சரி சரி. வரேன் கண்ணு. வெளிச்சம் போறதுக்குள்ள போய்ச் சேந்துருவேன்."

படியில் காலடிச் சத்தம் மெதுவாக இறங்கியது. லொரெய்ன் ஜன்னலருகே நின்றாள். பஸ் வந்தது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் டிரைவர் கதவைத் திறந்து, முழங்கால் வலிக்காரர் ஒருவர் ஏறும் அளவுக்குப் பொறுத்து, மூடினார். பஸ் கிளம்பிப் போன பிறகு சாலை வெறுமையாக இருந்தது. தூக்கிய கை எதுவும் அங்கே இல்லை.

நெவில் எழுந்தபோதே அமுக்கியிருந்த கடிகாரத்தை ஃபிலிப்பா பார்த்தார். "நாப்பத்தேழு நிமிஷம் பத்து செகண்டு. ரொம்ப வருத்தமா இருக்கு லொரெய்ன். அமர்வு நிகழல."

"தெரியும்."

"நானூத்து நாப்பத்தொம்போதுலயே நிக்கறீங்க. மருத்துவமனை வேலை…"

"நாப்பத்தொம்போது இல்ல, நாப்பத்தெட்டு. டிசம்பர் மாச மணி நேரத்தையும் எடுத்துடுங்க. அது என்னோடது இல்ல."

அறையில் இதுவரை இல்லாத திகில் இப்போதுதான் பரவியது. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரவையின் சரித்திரத்தில் யாரும் மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஃபிலிப்பா பையைக் குடைந்து, மடிப்புக் கலையாத ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். ரத்துக்கான காரணம்: எழுத்துப் பிழை, கூட்டல் பிழை, பிற.

லொரெய்ன் 'பிற' என்பதில் குறியிட்டு, கீழே எழுதினாள்: 'அவருக்கு இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கீகாரம் வேண்டும் என்பதற்காக நான் அவரைப் போக விடவில்லை.'

ஃபிலிப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இவ்வளவு நீளம் ஏத்துக்காது. அந்தக் கட்டத்துக்குள்ள அடங்கணும்."

லொரெய்ன் எழுதியதை அடித்தாள். கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி சுருக்கி எழுதினாள்: 'நான் விடவில்லை.'